எகிப்தில் கல்லெழுத்தும் ஏட்டெழுத்தும் காணச் செல்வோருக்கு: ஒரு நடைமுறை வழிகாட்டி

எகிப்துக்கென்று விற்கப்படும் சுற்றுலாத் திட்டங்கள் பிரமிடைக் காட்டும், ஒட்டகத்தில் ஏற்றும், நைல் நதியில் இரவு விருந்தும் தரும். எழுத்தை நின்று படிக்க மட்டும் நேரம் தரமாட்டா. நான் முதலில் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் குழுவோடுதான் சென்றேன். தெற்கே லக்சர் நகரிலுள்ள கர்னக் கோயிலின் பெருமண்டபத்தில் ஒரு தூணின் ஒரு பக்கத்தைக்கூட முழுதாகப் பார்த்து முடிக்கும் முன் வழிகாட்டி கொடியை உயர்த்திப் பேருந்துக்கு அழைத்துவிட்டார். பின்னர் கல்வெட்டுகளுக்காகவே திட்டமிட்டுத் தனியாகச் சென்றபோது விசா, வங்கி அட்டை, நுழைவுச் சீட்டு, வெயிலின் கோணம், தொழுகை நேரம் என்று ஒவ்வொன்றிலும் முட்டிமோதித்தான் வழி தெரிந்தது. பழைய எகிப்தியக் கோயில் எழுத்துகளையும் கெய்ரோவின் பள்ளிவாசல் எழுத்துகளையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தச் சிரமங்களைத் தவிர்க்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். வரலாறு வேறு இடங்களில் நிறையக் கிடைக்கும் என்பதால் இங்கே அதைத் தொடவில்லை.

1. மாதத்தையும் நாள்களின் எண்ணிக்கையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். வெப்பம் குறைவு என்பது ஒரு காரணம். கோடையில் லக்சரில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம், அந்த வெயிலில் திறந்தவெளிச் சுவர் முன் நின்று எதையும் படிக்க முடியாது. எழுத்துப் பார்ப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான இன்னொரு காரணம் உண்டு. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகச் செல்வதால் வெயில் சுவரின் மீது சாய்வாக விழுகிறது. கல்லில் குடைந்த எழுத்தின் விளிம்பில் நிழல் விழுந்தால்தான் தேய்ந்த கோடுகூடக் கண்ணுக்குத் தெரியும். உச்சிவெயிலில் அதே சுவர் வெறும் மஞ்சள் பரப்பாகத் தோன்றும்.

ரமலான் மாதத்தில் நினைவுச்சின்னங்களைப் பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள் என்பதை மறக்கக் கூடாது. 2027-இல் ரமலான் பிப்ரவரி இரண்டாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும் என்பதால், அந்தக் குளிர்காலத்தில் செல்பவர்கள் ஜனவரியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமைகளைப் பள்ளிவாசல்களுக்கு ஒதுக்காதீர்கள். நண்பகல் ஜும்ஆ தொழுகையை முன்னிட்டுப் பார்வையாளர்களை முன்னதாகவே வெளியேற்றிவிடுவார்கள்.

கெய்ரோவுக்கு ஐந்து முழு நாள், லக்சருக்கு நான்கு, அஸ்வானுக்கு ஒன்று என்பது குறைந்தபட்சக் கணக்கு. அதற்குக் குறைவாக விடுமுறை உள்ளவர்கள் அஸ்வானை விட்டுவிடலாமே தவிர, கெய்ரோ நாள்களைச் சுருக்கக் கூடாது.

2. கடவுச்சீட்டும் விசாவும்

கடவுச்சீட்டு, எகிப்தில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா உங்கள் குடியுரிமையைப் பொறுத்தது. எகிப்து அரசின் மின்விசாத் தளத்தில் உங்கள் நாட்டின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டியல் அவ்வப்போது மாறுவதால் நண்பர் சென்ற ஆண்டு சொன்னதை நம்பி இருந்துவிட வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் போன்ற நாடுகளின் செல்லுபடியாகும், ஏற்கெனவே ஒருமுறையேனும் பயன்படுத்திய விசா இருந்தால், கெய்ரோ விமான நிலையத்திலேயே விசா பெறும் வழி உண்டு. அதை நம்பிப் புறப்படுகிறவர்கள் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் சென்னையில் விமானம் ஏறும்போது உங்களை நிறுத்துவதோ அனுமதிப்பதோ விமான நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

இவை எதுவும் பொருந்தாதவர்கள் டெல்லியிலுள்ள எகிப்தியத் தூதரகத்திலோ மும்பையிலுள்ள துணைத் தூதரகத்திலோ விண்ணப்பிக்க வேண்டும். புகைப்படம், வங்கிக் கணக்கு அறிக்கை, திரும்பி வரும் விமானச் சீட்டு, விடுதி முன்பதிவு, வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சரிபார்ப்புக்கு வாரக்கணக்கில் ஆகக்கூடும் என்பதால் இரண்டு மாதம் முன்னதாகத் தொடங்குவது பாதுகாப்பு. ஒருமுறை நுழைவதற்கான சுற்றுலா விசாவின் கட்டணம் நெடுநாளாக 25 டாலராக இருந்துவந்தது. விமான நிலையத்தில் எடுப்பவர்கள் கசங்காத, கிறுக்கல் இல்லாத டாலர் தாள்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் சுற்றுலா என்று மட்டும் எழுதுங்கள். கல்வெட்டு ஆய்வு, படியெடுத்தல் என்றெல்லாம் எழுதினால் அது தொல்லியல் துறையின் முன் அனுமதி தேவைப்படும் வேறு வகைப் பயணமாகிவிடும். பார்த்துப் படித்துக் குறிப்பெடுப்பதற்குச் சுற்றுலா விசா போதும்.

3. வங்கி அட்டையைச் சோதித்துவிட்டுப் புறப்படுங்கள்

புதிதாகச் செல்பவர்களில் பெரும்பாலோர் தடுக்கி நிற்கும் இடம் இதுதான். எகிப்தின் முக்கிய நினைவுச்சின்னங்களின் சீட்டு அறைகளில் வெளிநாட்டவரிடம் ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை மட்டுமே. இந்திய வங்கிகள் தரும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி, ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நாமாக இயக்கும் வரை முடக்கப்பட்டே இருக்கும். வங்கிச் செயலியில் அதை இயக்கி, கடையில் தேய்க்கும் பரிவர்த்தனைக்கும் பணம் எடுக்கும் பரிவர்த்தனைக்கும் தனித்தனியே உள்ள உச்சவரம்புகளைப் பார்த்து உயர்த்திவிட்டுக் கிளம்புங்கள். ரூபே அட்டையை நம்பாதீர்கள். விசா அல்லது மாஸ்டர்கார்டு, அதுவும் இரண்டு வேறு வங்கிகளுடையவை இருந்தால் ஒன்று மறுக்கப்பட்டாலும் மற்றது கைகொடுக்கும். ஒருமுறைக் கடவுச்சொல் வர வேண்டுமென்றால் உங்கள் இந்திய எண் ரோமிங்கில் இயங்க வேண்டும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

ரொக்கமும் தேவைதான், ஆனால் வேறு வேலைகளுக்கு. ஆட்டோ, படகு, தேநீர், காலணி காப்பவர், பூட்டிய கதவைத் திறந்துவிடும் காவலர் என்று எல்லாவற்றுக்கும் சில்லறைத் தாள்கள் வேண்டும். பக்ஷீஷ் என்று இதைக் கேட்பார்கள். பெரிய தாளை நீட்டினால் மீதி வராது. 2025-இல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 50 எகிப்தியப் பவுண்டு கிடைத்தது.

4. நுழைவுச் சீட்டுகளுக்கு எவ்வளவு ஒதுக்குவது

சீட்டு விலைகள் எகிப்தியருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்குப் பன்மடங்கு என்று இருக்கும். 2025 நிலவரப்படி சக்காராவுக்கும் கர்னக்குக்கும் 600 பவுண்டு வீதம், மன்னர் பள்ளத்தாக்குக்கு 750, கீசாவிலுள்ள பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்கு 1,450, முதலாம் சேத்தியின் கல்லறைக்குத் தனியாக 2,000 என்ற அளவில் இருந்தன. விலை ஆண்டுதோறும் ஏறுவதால் இதன்மேல் கால் பங்கு கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் அடையாள அட்டை இருந்தால் பெரும்பாலான இடங்களில் பாதி விலைதான். அட்டையில் செல்லுபடியாகும் தேதி ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும், கல்லூரித் தாளில் எழுதிய சான்றிதழை ஏற்கமாட்டார்கள். சர்வதேச மாணவர் அட்டையை முன்பே எடுத்துவிட்டால் வாக்குவாதமே இராது.

கெய்ரோ பாஸ், லக்சர் பாஸ் என்று ஐந்து நாள்களுக்கான மொத்தச் சீட்டுகளும் உள்ளன. இவற்றுக்குக் கடவுச்சீட்டின் நகலும் ஒரு புகைப்படமும் கொடுத்து, டாலரிலோ யூரோவிலோ பணம் கட்ட வேண்டும். ஒரே இடத்துக்கு மறுபடி மறுபடி செல்லலாம் என்பதுதான் இதில் எழுத்துப் பார்ப்பவருக்கு உள்ள உண்மையான லாபம்: காலை வெயிலில் ஒரு சுவர், மாலை வெயிலில் அதன் எதிர்ச்சுவர் என்று இருமுறை நுழையலாம். லக்சருக்கு இதைப் பரிந்துரைப்பேன். கெய்ரோவில் பள்ளிவாசல்கள் பலவற்றுக்குச் சீட்டே கிடையாது என்பதால், நீங்கள் பார்க்கவிருக்கும் இடங்களின் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

5. புறப்படும் முன் கொஞ்சம் எழுத்துப் பழகுங்கள்

சித்திர எழுத்துகளில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட குறிகள் உண்டு. அவை அனைத்தையும் கற்க வேண்டியதில்லை. ஒற்றை ஒலி தரும் குறிகள் ஏறத்தாழ 24-ஐயும், அரசர் பெயர்களைச் சூழும் நீள்வட்டச் சட்டமான கார்ட்டூஷையும் அடையாளம் காணத் தெரிந்தாலே பாதிக் கதவு திறந்துவிடும். பறவை, விலங்கு, மனித உருவங்கள் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும். கோரைத்தண்டும் தேனீயும் சேர்ந்து நின்றால் அடுத்து வரும் கார்ட்டூஷில் அரியணைப் பெயர். வாத்தும் சூரிய வட்டமும் நின்றால் அடுத்து வருவது பிறப்புப் பெயர். இந்த இரண்டு குறிப்புகளோடு இரண்டாம் ராம்சேஸ், முதலாம் சேத்தி, மூன்றாம் துத்மோஸ், ஹட்ஷெப்சுட், மூன்றாம் ராம்சேஸ் ஆகிய ஐவரின் கார்ட்டூஷ்களைக் கையால் வரைந்து பழகிச் செல்லுங்கள். லக்சரில் நீங்கள் காணும் பெயர்களில் பெரும்பகுதி இவற்றுக்குள் அடங்கும்.

அரபுப் பக்கத்தில் தமிழ் முஸ்லிம்களுக்கும், ஓதப் படித்த மற்றவர்களுக்கும் ஒரு கை கூடுதல். ஆனாலும் குஃபி என்ற கோண வடிவ அரபு எழுத்தின் முற்கால வகையில் புள்ளிகள் இராது என்பதால், பா, தா, நூன், யா ஆகியவை சொல்லின் நடுவில் ஒன்றுபோலவே தோன்றும்; மனப்பாடமான வசனமாக இருந்தால்தான் எழுத்து பிடிபடும். எனவே குர்ஆனில் ஆயத்துல் குர்ஸி என்ற வசனத்தையும் ‘அல்-ஃபத்ஹ்’ அத்தியாயத்தின் தொடக்கத்தையும் ஒருமுறை ஓதிப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். கட்டடங்களில் பிஸ்மில்லாவை அடுத்து வரும் ‘அமர பி இன்ஷா’ என்ற தொடர் வந்துவிட்டால், இன்னார் கட்டும்படி ஆணையிட்டார் என்ற செய்தி தொடங்குகிறது என்று பொருள். ‘சனத்’ என்ற சொல் வந்தால் அடுத்தது ஆண்டு.

ஆண்டை எண்ணால் அல்ல, சொல்லால் எழுதியிருப்பார்கள். ஒன்றின் இடம் முதலில், பத்தின் இடம் அடுத்து, நூறு கடைசியில். இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டைப் பொது ஆண்டாக மாற்ற அதை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் போதும், ஓராண்டு முன்பின் இருக்கலாம். 519 என்று படித்தால் 503-ம் 622-ம் சேர்ந்து 1125.

6. முதல் நாளைச் சக்காராவுக்குக் கொடுங்கள்

கீசாவின் பெரிய பிரமிடுக்குள் கல்வெட்டே கிடையாது. உள்ளே செல்லத் தனிச் சீட்டு, நெரிசல், மூச்சுமுட்டல் எல்லாம் உண்டு. எழுத்துக்காகச் செல்பவர் அந்தப் பணத்தைச் சேமிக்கலாம். அதற்குத் தெற்கே, வாடகைக் காரில் ஒரு மணி நேரத்துக்குள் அடையக்கூடிய சக்காராவில்தான் உனாஸ் மன்னரின் சிறிய பிரமிடு இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சரிந்த மண்மேடு. அதன் உள்ளறைச் சுவர்களில்தான், நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவையான, ஏறத்தாழ கி.மு. 2350-ஐச் சேர்ந்த பிரமிடு மந்திரங்கள் வெட்டப்பட்டுள்ளன.

வடக்கு வாயிலிலிருந்து இறங்கும் பாதையில் முதுகை நன்றாக வளைத்துத்தான் நடக்க வேண்டும். மூட்டு வலி உள்ளவர்கள் யோசித்து இறங்கவும். நிமிர்ந்து நிற்கும் இடத்தில் நான்கு புறமும் மேலிருந்து கீழாக ஓடும் எழுத்துப் பத்திகள், ஒவ்வொரு குறியின் குழிவிலும் நீலச் சாயம், தலைக்கு மேல் கூரை முழுவதும் நட்சத்திரங்கள். முதலில் தனித்தனிக் குறிகளைத் தேடாதீர்கள், கண் களைத்துவிடும். கார்ட்டூஷைத் தேடுங்கள். அதற்குள் காதை விறைத்து நிற்கும் ஒரு முயல், அதன்கீழே நீரலைக் கோடு, பக்கத்தில் நாணல் இலை, மடித்த துணி: அதுதான் உனாஸின் பெயர். ஒன்றைக் கண்டுவிட்டால் சில பத்திகளுக்கு ஒருமுறை அதே முயல் எதிர்ப்படும். மந்திரம் எங்கே மன்னரை விளித்துத் தொடங்குகிறது என்பது அதை வைத்தே ஓரளவு தெரிந்துவிடும். கல்சவப்பெட்டியைச் சூழ்ந்த பகுதியில் மட்டும் எழுத்து இராது, வண்ணம் தீட்டிய அரண்மனை முகப்பு வடிவங்கள் இருக்கும்.

இந்தப் பிரமிடைப் பராமரிப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள். சீட்டு எடுக்கும்போதே திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மூடியிருந்தால் அதே வளாகத்தின் தெத்தி மன்னர் பிரமிடைக் கேளுங்கள், அங்கும் மந்திரங்கள் உண்டு, சற்றுச் சிதைந்திருக்கும். சக்காராவில் படிக்கட்டுப் பிரமிடின் உட்பகுதி, புனித எருதுகளின் நிலத்தடிக் கல்லறையான செராப்பியம் போன்றவற்றுக்குத் தனிச் சீட்டுகளை முதன்மை வாயிலிலேயே வாங்க வேண்டும். உள்ளே சென்றபின் நினைவு வந்தால் மீண்டும் வாயிலுக்கு வர வேண்டியதுதான்.

அருங்காட்சியகங்களைப் பொறுத்தவரை தஹ்ரீர் சதுக்கத்தின் பழைய அருங்காட்சியகத்தைத் தவிர்க்க வேண்டாம். கீசாவில் புதியது திறந்துவிட்டதால் பழையதில் ஒன்றும் இல்லை என்று விடுதிக்காரர்கள் சொல்வார்கள். சித்திர எழுத்தின் தொடக்க காலச் சான்றான நார்மர் பலகை அங்கேதான் இருக்கிறது. ரொசெட்டா கல்லைத் தேடாதீர்கள், அது லண்டனில் இருக்கிறது; எகிப்தில் காண்பவை நகல்கள். கீசாவின் பெரிய அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். அதன் முன்வெளியில் ஒரு சதுரத்தூணை (ஒபெலிஸ்க்) உயரத்தில் நிறுத்தி, அடியில் நின்று கண்ணாடி வழியே அண்ணாந்து பார்க்கும்படி செய்திருக்கிறார்கள்; தூணின் அடிப்பரப்பில், தரையோடு தரையாகக் கிடந்திருந்தால் எவருமே பார்த்திருக்க முடியாத இடத்தில், இரண்டாம் ராம்சேஸின் கார்ட்டூஷ் இருக்கிறது. பெரும்பாலானோர் அதன்கீழே நடந்தும் நிமிர்ந்து பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

7. லக்சர்: வெயிலைப் பார்த்து வரிசையை அமையுங்கள்

கர்னக் காலை ஆறு மணிக்குத் திறக்கும். பேருந்துகள் வருமுன் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரம் விலைமதிப்பற்றது. 134 தூண்கள் கொண்ட பெருமண்டபத்தில் வடபாதி முதலாம் சேத்தி காலத்தது, அங்கே உருவங்களும் எழுத்தும் கல்லிலிருந்து மேலெழும்பிப் புடைப்பாக நிற்கும். தென்பாதி இரண்டாம் ராம்சேஸ் காலத்தது, அங்கே கல்லுக்குள் குடையப்பட்டிருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து விரலளவு தொலைவில் நின்று பாருங்கள், தொடாமல். மண்டபத்தின் வடக்குப் புறச்சுவரில் சேத்தியின் போர்க் காட்சிகள் உள்ளன. குளிர்காலத்தில் அங்கே வெயில் படுவது அரிது என்பதால் சீரான நிழலில் எந்நேரமும் பார்க்கலாம். தெற்குப் பக்கத்துக்கு நாள் முழுதும் வெயில் உண்டு. இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளோடு செய்த சமாதான உடன்படிக்கையின் எகிப்தியப் படி அந்தப் பக்கத்துச் சுவர் ஒன்றில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. ஹட்ஷெப்சுட்டின் சதுரத்தூணையும் பாருங்கள், ஆனால் உச்சியை அல்ல, அடிப்பீடத்தை: அந்தத் தூணைச் செய்ய ஏழு மாதம் ஆனது என்று அரசியே சொல்லும் வரிகள் அங்கேதான் இருக்கின்றன.

கர்னக்கின் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் பெரும்பாலோர் போவதில்லை. முதலாம் செனுஸ்ரெத்தின் வெள்ளை மண்டபம் அங்கே இருக்கிறது. சித்திர எழுத்து இதைவிட நுட்பமாக வெட்டப்பட்டதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. புதிதாகப் பழகுபவர் குறிகளை அடையாளம் காண வேண்டுமென்றால் அங்கிருந்தே தொடங்கலாம்.

மன்னர் பள்ளத்தாக்கின் பொதுச் சீட்டில் மூன்று கல்லறைகளுக்கு மட்டுமே அனுமதி. எந்த மூன்று என்பது உங்கள் விருப்பம், ஆனால் அன்று திறந்திருப்பவற்றுள்தான். துட்டன்காமன், முதலாம் சேத்தி, ஐந்தாம்–ஆறாம் ராம்சேஸ் கல்லறைகளுக்குத் தனித்தனிச் சீட்டுகள். துட்டன்காமன் கல்லறையில் புகழ் அதிகம், எழுத்துக் குறைவு. அந்தப் பணத்தை ஐந்தாம்–ஆறாம் ராம்சேஸ் கல்லறைக்குக் கொடுங்கள். சீட்டின் விலையும் குறைவு, மறுமை பற்றிய நூல்கள் சுவர்களிலும் கூரையிலும் நிறைந்திருக்கின்றன. பொதுச் சீட்டில் மூன்றாம் துத்மோஸின் கல்லறை திறந்திருந்தால் விடவே விடாதீர்கள். செங்குத்தான படிகள், காற்றோட்டம் குறைவு. ஆனால் முட்டை வடிவ அடக்க அறையின் சுவர் முழுவதும் பாப்பிரஸ் ஏட்டை விரித்து ஒட்டியதுபோல விரைவெழுத்தில் ‘அம்துவாத்’ என்ற மறுமை நூல் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தக் கல்லறைகளுக்குப் பழங்காலத்திலேயே வந்துபோன கிரேக்க, இலத்தீன் பயணிகள் நூற்றுக்கணக்கில் தங்கள் பெயர்களைச் சுவரில் கீறியிருக்கிறார்கள். தமிழ் பிராமியில் சிகை கொற்றன் என்ற பெயரும் இப்பள்ளத்தாக்கில் பல இடங்களில் கீறப்பட்டிருப்பது 2026 பிப்ரவரியில் சென்னையில் நடந்த கல்வெட்டியல் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. அதைத் தேடிச் செல்ல ஆசை எழுவது இயல்பே. ஆனால் இவை மெல்லிய கீறல்கள். காவலர்களுக்கு இடம் தெரியாது, “எனக்குத் தெரியும் வாருங்கள்” என்று சொல்லித் தடுப்புக்கு அப்பால் அழைப்பவர் பக்ஷீஷுக்காக அழைக்கிறார். தடுப்பைத் தாண்டினால் அபராதமும் விசாரணையும் உங்களுக்குத்தான்.

இந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் நைலின் மேற்குக் கரையில் சீட்டு வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மன்னர் பள்ளத்தாக்கிலும் ஹட்ஷெப்சுட் கோயிலிலும் வாயிலிலேயே சீட்டு கிடைக்கும். மதீனத் ஹாபு, ராமசேயம், தைர் அல்-மதீனா, பிரபுக்களின் கல்லறைகள் ஆகியவற்றுக்கு மெம்னான் பெருஞ்சிலைகளைத் தாண்டியதும் வரும் மையச் சீட்டு அறையில்தான் வாங்க வேண்டியிருக்கும். சீட்டில்லாமல் இடத்துக்குச் சென்று நின்றால் திரும்பி வர வேண்டும். டாக்சிக்காரர் அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுவார். இணையத்தில் முன்பே எடுத்தால் இந்த அலைச்சல் மிச்சம். மதீனத் ஹாபுவில் மூன்றாம் ராம்சேஸின் எழுத்துகள் உள்ளங்கையே புகுந்துவிடும் ஆழத்துக்கு வெட்டப்பட்டிருக்கின்றன, தொடக்கநிலையாளருக்கு மிக எளிதாகத் தெரியும்.

லக்சர் கோயிலை இருட்டியபின் பாருங்கள். விளக்குகள் கீழிருந்து எரிவதால் குடைந்த எழுத்தெல்லாம் துலங்கும். அதன் முதல் முற்றத்தில் அபுல் ஹஜ்ஜாஜ் பள்ளிவாசல் நிற்கிறது. கோயில் மண்மூடிக் கிடந்தபோது அன்றைய தரைமட்டத்தில் கட்டப்பட்டது என்பதால் அதன் பழைய வாசல் இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. உள்ளே செல்ல வேண்டுமானால் கோயில் வழியாக முடியாது. வெளித் தெருவிலிருந்து தனி வாயில், சீட்டு இல்லை, தொழுகை இல்லாத நேரமாகப் பார்த்துச் செல்லுங்கள். 2007-இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் நடந்த சீரமைப்பில் சுவர்ப்பூச்சுக்குள்ளிருந்து பழைய தூண்களும் எழுத்துகளும் வெளிப்பட்டன. தொழும் இடத்திலேயே அவற்றைப் பார்க்கலாம்.

8. அஸ்வானுக்கு ஒரு நாள் இருந்தால் பிலே

நாளறிந்த சித்திர எழுத்துக் கல்வெட்டுகளுள் கடைசியானது, கி.பி. 394-ஐச் சேர்ந்தது, பிலே கோயில் வளாகத்தின் ஹேட்ரியன் வாயிலில் இருக்கிறது. தீவுக்குப் படகில்தான் செல்ல வேண்டும். கோயில் சீட்டில் படகுக் கட்டணம் சேராது. போகவர, காத்திருக்க என்று மொத்தத் தொகையைப் படகில் கால் வைக்குமுன் பேசி, பணத்தைத் திரும்பி வந்தபின் கொடுங்கள். காத்திருக்கும் நேரம் ஒரு மணிதான் என்பார்கள், இரண்டு மணி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

9. கெய்ரோவின் பள்ளிவாசல் எழுத்துகள்

உடை பற்றி ஒரு வரி போதும்: தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், பெண்கள் தலைக்கு ஒரு துணி வைத்திருக்கட்டும், காலுறை அணிந்து செல்வது வசதி.

ரோடா தீவின் தென்கோடியிலுள்ள நைலோமீட்டரிலிருந்து தொடங்குங்கள். 861-இல் கட்டப்பட்ட, ஆற்றின் வெள்ள அளவைக் காட்டும் கிணறு இது. படிகளில் இறங்கும்போது சுவரைச் சுற்றி மழை, நீர், விளைச்சல் பற்றிய குர்ஆன் வசனங்கள் குஃபியில் ஓடும். வசனம் இடத்துக்கேற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதை இங்கே ஒருமுறை கண்டுகொண்டால், பிறகு ஒவ்வொரு கட்டடத்திலும் ஏன் இந்த வசனம் இங்கே என்று கேட்கத் தொடங்குவீர்கள். கைப்பிடி குறைவு, குழந்தைகளோடு இறங்க வேண்டாம்.

இப்னு தூலூன் பள்ளிவாசலில் (879) கட்டட விவரம் சொல்லும் குஃபிப் பளிங்குப் பலகை உள்ளே ஒரு தூணில் பதிக்கப்பட்டிருக்கிறது. மேற்கூரைக்குக் கீழே மரப்பலகையில் குர்ஆன் வசனங்கள் மண்டபத்தைச் சுற்றிச் செல்கின்றன. கண்ணால் படிக்க முடியாத உயரம். பைனாகுலர் எடுத்துவரத் தோன்றும், வேண்டாம். எகிப்தியச் சுங்கத்தில் அதற்குக் கேள்வி எழலாம். கைப்பேசியின் பெரிதாக்கும் வசதி போதுமானது.

பழைய கெய்ரோவின் முயிஸ் தெருவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். இங்கும் வெயில்தான் வரிசையை முடிவு செய்கிறது. சுல்தான் கலாவூன் கட்டிய வளாகம் தெருவின் மேற்குப் பக்கத்தில், கிழக்கு நோக்கி நிற்கிறது. காலையில் அதைப் பாருங்கள். முகப்பின் நீளம் முழுவதும் ஓடும் ஒரே எழுத்துப்பட்டையில் சுல்தானின் பட்டங்களும், ஹிஜ்ரி 683, 684 என்ற ஆண்டுகளும் உள்ளன. தெருவைக் கடந்து எதிர்ப்புறம் நின்றுதான் அதை வாசிக்க முடியும். பட்டங்களின் வரிசையில் திணறாமல் நேரே ‘சனத்’ என்ற சொல்லைத் தேடிப் பிடியுங்கள். இத்தெருவின் பல கட்டடங்களுக்கு ஒரே கூட்டுச் சீட்டு கலாவூன் வளாகத்தருகே விற்கப்படும். 2025-இல் அது 220 பவுண்டு அளவில் இருந்தது.

வடக்கே நடந்தால் கிழக்குப் பக்கத்தில், மேற்கு நோக்கிய அல்-அக்மர் பள்ளிவாசல். பிற்பகல் மூன்று மணியை ஒட்டி வெயில் நேராக முகப்பில் விழும். வாயிலின் மேல் உள்ள பெரிய வட்டத்தில் முஹம்மத், அலீ என்ற பெயர்கள் நடுவில் இருக்க, அவற்றைச் சுற்றி எழுத்து வளையமாக ஓடுகிறது. அன்று எகிப்தை ஆண்ட பாத்திமி கலீபாக்களின் ஷியா நம்பிக்கை கெய்ரோவின் தெருவில் இவ்வளவு வெளிப்படையாக எழுத்தில் நிற்பது இங்கேதான். மேல்விளிம்பில் ஓடும் பட்டையில் ஹிஜ்ரி 519 என்ற ஆண்டைத் தேடுங்கள். மேலே சொன்ன கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்க்க வசதியான இடம். தொழுகை நடக்கும் பள்ளிவாசல் என்பதால் சீட்டு இல்லை. “நன்கொடை” என்று யாரேனும் ரசீதில்லாமல் பெருந்தொகை கேட்டால் பணிவாக மறுத்து, பெட்டியில் விருப்பமானதை இடுங்கள்.

சுல்தான் ஹசன் பள்ளிவாசலில் (1356–1363) கிப்லா (தொழும் திசை) பக்கத்துப் பெரிய வளைவு மண்டபத்துக்கு நேரே செல்லுங்கள். கொடிவேலைப்பாட்டின் மேல் சுண்ணச் சாந்தில் எழுந்து நிற்கும் குஃபிப் பட்டையில் ‘அல்-ஃபத்ஹ்’ அத்தியாயம் ஓடுகிறது. ஓதத் தெரிந்தவர் வலது முனையில் தொடங்கித் தலையைத் திருப்பிக்கொண்டே வந்தால் எழுத்து தானாகப் பிடிபடும். தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபின் பக்கத்து வாசல் வழியே அடக்க மண்டபத்துக்குச் சென்றால், மரத்தில் பெரிய எழுத்தில் ஆயத்துல் குர்ஸி. இங்கே எழுத்துக் குஃபி அல்ல என்பதால் எளிதாகப் படிக்கலாம். எதிரிலுள்ள ரிஃபாயி பள்ளிவாசலுக்கும் சேர்த்தே சீட்டு.

10. ஏடுகளையும் கல்லறைக் கற்களையும் பார்க்க

பாப் அல்-கல்க்கில் உள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் 2014 குண்டுவெடிப்பில் சிதைந்து 2017-இல் மீண்டும் திறந்தது. அதில் ஹிஜ்ரி 31, அதாவது 652 என்று நாளிட்ட ஒரு சிறு கல்லறைக் கல் இருக்கிறது. அரபு எழுத்தில் இவ்வளவு பழைய, நாளிட்ட கல் அரிது. அதே கட்டடத்தின் மேற்பகுதி எகிப்திய தேசிய நூலகத்துக்குரியது. அந்த நூலகத்தின் மம்லூக் சுல்தான்கள் காலக் குர்ஆன் பிரதிகள் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் 2013-இல் சேர்க்கப்பட்டவை. கண்காட்சிக் கூடம் திறந்திருக்கிறதா என்று கடவுச்சீட்டோடு நேரில் சென்று கேளுங்கள். காட்சியில் இல்லாத ஏட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கடிதத்தோடு புறப்படுமுன்பே எழுதிக் கேட்க வேண்டும், நேரில் போய்க் கேட்டால் நடக்காது.

மார் கிர்கிஸ் மெட்ரோ நிலையத்தின் எதிரிலேயே எகிப்தியக் கிறித்தவர்களின் கலைகளுக்கான காப்டிக் அருங்காட்சியகம். 1945-இல் கண்டெடுக்கப்பட்ட, காப்டிக் மொழியில் எழுதிய நாக் ஹம்மாதி ஏடுகள் இங்கு உள்ளன. சில தாள்கள் மட்டுமே காட்சியில் இருக்கும்.

11. படம், குறிப்பு, பை

கைப்பேசியில் படமெடுக்கப் பெரும்பாலான இடங்களில் கட்டணம் இல்லை. ஃபிளாஷ் கூடாது, முக்காலிக்கு அனுமதி வேண்டும், டிரோனை நாட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. தமிழ்நாட்டில் மைப்படி எடுத்துப் பழகியவர்கள் தூரிகையையும் தாளையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எகிப்தில் ஈரத்தாளைச் சுவரில் ஒட்டுவது மட்டுமல்ல, உலர்தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பதும் குற்றம். கையால் வரைந்துகொள்ள எவரும் தடுப்பதில்லை. ஒவ்வொரு சுவரிலும் முதலில் முழுச் சுவர், பின்பு பகுதி, பின்பு எழுத்து என்று மூன்று படம் எடுங்கள். நெருக்கமான படம் மட்டும் இருந்தால் ஊர் திரும்பியபின் எந்தச் சுவர் என்றே தெரியாது.

1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் சட்டப்படி தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது கடும் குற்றம். பாலைவனத்தில் கிடக்கும் ஓட்டுத்துண்டும் அதில் அடங்கும். கெய்ரோவின் கான் அல்-கலீலி சந்தையில் “பழைய குர்ஆன் ஏடு” என்று ஒற்றைத் தாள்களை நீட்டுவார்கள்: உண்மையாக இருந்தால் வாங்குவதே குற்றம், போலியாக இருந்தால் பணம் வீண். பாப்பிரஸ் ஓவியம் வாங்குகிறவர்கள் தாளைச் சுருட்டிப் பாருங்கள்; வாழைநார்த் தாள் மடிப்பில் வெடிக்கும். கல்லில் செய்த நகல்களை வாங்கினால் கடையின் பெயரும் தேதியும் அச்சிட்ட ரசீதைக் கேட்டுப் பெற்று, கைப்பையில் மேலாக வையுங்கள். கெய்ரோ விமான நிலையத்தில் நுழைவாயிலிலேயே பைகள் ஒருமுறை ஊடுகதிரில் போகும், உள்ளே மறுபடியும் போகும். கல் தெரிந்தால் திறக்கச் சொல்வார்கள். எனவே புறப்படும் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.